பறிகொடுத்தவரைக் கேட்காத கிருபை

யூத மதம் என்றால் சட்டம், கிறிஸ்தவம் என்றால் கிருபை. பிரசங்க மேடைகளில் காலங்காலமாக இப்படித்தான் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1947 முதல் சாக்கடல் ஓரத்துக் குகைகளில் கிடைத்த தோல்சுருள்களில் கும்ரான் யூதர்களின் சமூக விதிச் சுருளும் ஒன்று. கறாரான விதிகள் நிறைந்த அந்தச் சுருள், தடுக்கி விழும் மனுசனைத் தூக்கி நிறுத்துவது கடவுளின் இரக்கமே என்ற துதியோடு முடிகிறது. 1977-இல் வெளிவந்த இ.பி. சாண்டர்ஸின் நூல், பவுல் காலத்து யூதத்திலும் இரக்கமே முதலில், சட்டம் அதற்குப் பின்னால்தான் என்று வாதிட்டது.

சரி, கிருபை இரண்டு பக்கமும் இருந்தது. நம்ம கேள்வி வேற. அடுத்தவன் உடைமையைப் பறிச்சவன் நேரா கடவுள்கிட்ட போய் மன்னிப்பு வாங்கிக்கலாமா? பறிகொடுத்தவன் எங்கே போனான்?

லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. பறித்ததைத் திருப்பிக் கொடு. ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு. பிறகு ஆட்டுக்கடாவைப் பலிக்குக் கொண்டு வா. கி.பி. 70-இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். பலிபீடம் போயிற்று, கணக்கு போகவில்லை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா பாவத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடவுளுக்கு எதிரான குற்றத்தை யோம் கிப்பூர் என்ற பாவநிவிர்த்தி நாள் தீர்க்கும். சக மனுசனுக்குச் செய்த குற்றத்தை, அவன் மனம் ஆறும்வரை அந்த நாளும் தீர்க்காது. நஷ்டஈடு கட்டிவிட்டாலும் போதாது, அடிபட்டவனிடமே போய்க் கேட்கணும். கேட்ட பிறகு அடிபட்டவன் கல்நெஞ்சாக இருக்கக் கூடாது என்றும் அதே மிஷ்னா சொல்கிறது. ஆனால் அது கடைசியில் வருகிற பேச்சு.

இயேசு நின்றதும் இந்த மரபில்தான். மத்தேயு 5-இல், உன்மேல் குறையுள்ளவன் ஞாபகம் வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன்பே வைத்துவிட்டு அவனிடம் போகச் சொல்கிறார். லூக்கா 19-இல் வரி வசூலிக்கும் சகேயுவின் வீட்டுக்குத் தானாகவே போகிறார். அதன்பிறகே சகேயு சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏய்த்ததை நாலு மடங்காக ஏய்க்கப்பட்டவர்களுக்கும் தருவதாகச் சொல்கிறான். கிருபை முதலில் வந்தது. வந்து கணக்கை ரத்து செய்யவில்லை, தொடங்கி வைத்தது.

பவுல் ஒப்புரவுக்குப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் காசு மாற்றுவதையும் குறிக்கும். அவர் பிலேமோனுக்கு எழுதிய கடிதத்திலும் கணக்கு வருகிறது. ஒநேசிமு என்ற அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள். அவன் பட்ட கடனை என் பேரில் எழுது என்கிறார். பெரிய வார்த்தைதான். ஆனால் ஒநேசிமு அங்கே பேசப்படுகிறான், பேசவில்லை. கொடுக்காத கூலிக்கு எசமானன் பட்ட கடன் எந்தக் கணக்கில்? கடிதம் அதைக் கேட்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அடிமை முதலாளிகள் இந்தக் கடிதத்தையே தங்களுக்குச் சாட்சியாகக் காட்டினார்கள்.

பழசை மறந்து சமாதானமாப் போங்க என்று நமக்குப் போதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேதத்தை வைத்தே அவர்களைக் கேட்கலாம்: பறித்ததைத் திருப்பிக் கொடுத்தாச்சா? அந்த ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து?