தமனித் தடிப்புக்குக் கிருமி காரணமா? ஒரு கருதுகோளின் வரலாறு

தமனியின் உட்சுவர் ஏன் தடிக்கிறது என்று தேடியவர்கள் முதலில் கொலஸ்ட்ராலிடம் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வியன்னாவின் ரோகிடான்ஸ்கி, இரத்தத்திலிருந்து படியும் ஃபைப்ரினே தடிப்பாகிறது என்றார். ஜெர்மானியரான ருடால்ஃப் ஃபிர்கோவோ, இது சுவருக்குள்ளேயே நடக்கும் அழற்சி என்றார். அழற்சி என்றால் அதைத் தூண்டுவது எது? கிருமியியல் கோலோச்சிய காலத்தில் அதற்கு விடை சொல்ல யாரும் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1889இல் பிரான்சில் கில்பெர்ட்டும் லியோனும் முயல்களுக்குக் கிருமிகளைச் செலுத்தித் தமனிச் சுவரில் மாற்றங்களைக் கண்டனர். 1908இல் வில்லியம் ஆஸ்லர், தமனித் தடிப்பின் காரணங்களுள் தொற்று நோய்களையும் சேர்த்தார்.

1913இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அனிச்கோவும் கலாடோவும் சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ராலைக் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். கிருமி எதுவும் செலுத்தாமலே தமனிகளில் கொழுப்பு படிந்தது. அதன்பின் தொற்றுக் கருத்தை ஏறக்குறைய யாரும் சீண்டவில்லை. 1978இல் கோழிகள்தான் அதை மீட்டுக் கொண்டுவந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஃபேப்ரிகன்ட் குழுவினர், மாரெக் நோயை உண்டாக்கும் ஹெர்பிஸ் வகை வைரஸைக் கோழிகளுக்குச் செலுத்தினர். கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு இரத்தக்குழாயைக் குறுக்கிய தடிப்பு, வைரஸ் பட்ட கோழிகளில் மட்டுமே தென்பட்டது. கொலஸ்ட்ரால் கலக்காத தீவனம் தின்றவையும் அதற்கு விலக்கல்ல.

மனிதரில் இதற்கு இணையான செய்தி 1988இல் ஹெல்சின்கியிலிருந்து வந்தது. நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் ஒருவகைக் கிளமிடியா பாக்டீரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைப் பெக்கா சைக்கு குழுவினர் அளந்தனர். மாரடைப்பு வந்த 40 ஆண்களில் 27 பேரிடம் அவை மிகுந்திருந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்த 41 பேரில் 7 பேரிடம்தான். எதிர்ப்பொருள் என்பது தடயம் மட்டுமே, ஆளை அடையாளம் காட்டாது. 1992இல் தென்னாப்பிரிக்காவில் ஷோர் குழுவினர் பிணக்கூறாய்வில் எடுத்த கரோனரி தமனிப் படிவுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது, பேரிக்காய் வடிவக் கிருமித் துகள்களே கண்ணில் பட்டன. வயிற்றுப்புண்ணுக்குப் பாக்டீரியா காரணம் என்ற மார்ஷல், வாரன் கண்டுபிடிப்பு மருத்துவ உலகை உலுக்கியிருந்த நேரம் அது. இதய நோயும் மாத்திரையில் தீர்ந்துவிடும் என்ற ஆசை பிறந்ததில் வியப்பில்லை.

1997இல் லண்டனிலும் அர்ஜென்டினாவிலும் இதய நோயாளிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகள் அந்த ஆசைக்குத் தீனி போட்டன. பெரிய ஆய்வுகள் அதைக் கலைத்தன. 2003இல் வெளியான ஆய்வில் 7,747 பேருக்கும், 2005இல் வெளியானதில் வாரம் 600 மில்லிகிராம் வீதம் ஓராண்டுக்கு 4,012 பேருக்கும் அசித்ரோமைசின் அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க பயன் இல்லை. டென்மார்க்கில் கிளாரித்ரோமைசின் பெற்றவர்களிடையே இதய நோய் மரணம் கூடவே செய்தது.

கருதுகோள் இத்துடன் செத்தது என்பது அவசர முடிவு. பல்லாண்டுகள் முற்றிய தடிப்பை ஆன்டிபயாட்டிக் ஆற்றவில்லை என்பதைத்தான் இவை காட்டின. என் பார்வையில் கருதுகோளுக்கு வலுவான அடி கொடுத்தது, 2017இல் பொலிவியாவின் சிமானே மக்களிடம் நடந்த ஆய்வு. தொற்றுகளுக்கு நடுவே வாழும் இவர்களில் பாதிப் பேருக்கு இரத்தத்தில் அழற்சிக் குறியீடு அதிகம். ஆனால் சோதித்த 705 பேரில் 85 விழுக்காட்டினரின் கரோனரி தமனிகளில், தடிப்பின் அடையாளமான கால்சியப் படிவே இல்லை. இவர்களின் எல்டிஎல் கொலஸ்ட்ரால் சராசரி டெசிலிட்டருக்கு 91 மில்லிகிராம்தான். கொழுப்பு குறைந்த இரத்தத்தில் தொற்று தனித்து நின்று தமனியைக் கெடுத்துவிடவில்லை.

அதே சமயம், ஏற்கெனவே கெட்டுப்போன தமனியில் தொற்று சும்மா இருப்பதில்லை. இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுவதைக் கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு 2018இல் காட்டியது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலும் மாரடைப்பு வந்த கையோடு இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் மரணம், மறு மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஓராண்டுக்குள் நேர்ந்தது 5.3 விழுக்காட்டினருக்கு, வெற்று ஊசி போட்டவர்களில் 7.2 விழுக்காட்டினருக்கு.