மாரி எங்கிருந்தும் வந்தவள் அல்லள்

ஆடி பிறந்தால் போதும், மாரியை நாடுகடத்தும் ஆராய்ச்சிகளும் கூடவே பிறந்துவிடுகின்றன. போர்த்துக்கீசியரோடு வந்த மேரியே மாரியானாள் என்பது ஒரு கட்சி. சாவைக் குறிக்கும் வடசொல்லே மாரி என்பது மற்றொன்று.

முதற்கட்சிக்கு ஒரு வரி போதும். புறநானூற்றில் கபிலர் வள்ளல் பாரியோடு மழையாகிய மாரியைச் சேர்த்து நிறுத்தியபோது, போர்த்துக்கீசியர் வந்த கப்பல்களுக்கான மரம் முளைக்கவே இல்லை.

வந்த தாய் எப்படியிருப்பாள் என்று பார்க்க ரோமாபுரிக்குப் போகலாம். அன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்த கி.மு. 204இல், சிபில்லாவின் ஏடுகள் சொன்னபடி பிரிகியத் தாய் சிபெலியைக் கருங்கல் வடிவில் கொண்டுவந்தார்கள். கி.மு. 191இல் பாலத்தைன் குன்றில் கோயிலும் எழுந்தது. ஆனால் அவளுடைய பூசாரியாக உரோமக் குடிமகன் ஆகக்கூடாது என்றார்கள். அவள் பெயரிலும் இடா மலை ஒட்டிக்கொண்டே இருந்தது. சிங்களவர் பத்தினி என்று வணங்கும் கண்ணகியும் அப்படியே. பெயரே பிறந்த வீட்டைச் சொல்லிவிடும். மாரியின் பெயரில் எந்த அயலூர் விலாசம் இருக்கிறது?

வடசொற்கட்சியார் நோயைக் காட்டுவார்கள். சிலம்பின் உரைபெறு கட்டுரையை அவர்கள் புரட்டட்டும். மழை பொய்த்த பாண்டிநாட்டில் வெப்புநோயும் குரு என்னும் கொப்புள நோயும் தொடர்ந்தன. கண்ணகிக்குச் சாந்தி செய்தபின் மழை பெய்தது, நோயும் நீங்கியது. இலங்கை மன்னன் கயவாகு அவளுக்கு விழா எடுத்ததும் ஆடித் திங்களில்தான். மழையும் அம்மையும் அங்கேயே ஒருத்தியின் கையில் சேர்ந்துவிட்டன.

'வார்' என்ற வினையைக் கவனியுங்கள். நமக்கு அம்மை வார்க்கிறது. அவளுக்குக் கூழ் வார்க்கிறோம். கொப்புளம் முத்து, அது உடம்பெங்கும் பொழிந்தால் முத்துமாரி. பொழிவைக் குறித்த சொல்தான் நோய்க்கும் போயிற்று. நோயிலிருந்து மழைக்கு வரவில்லை.

இனித் திருவேற்காடு. வேதங்களே வேலமரங்களாக நின்றன என்கிறது தலபுராணம். நிற்கட்டும். கூவம் கரையில் வேலமரம் நிறைந்த காடு வேற்காடு. சொல்லுக்கு அது போதும். அங்கே இருப்பவள் கருமாரி. கரு என்பதைக் கருப்பை என்று விரிப்பாரும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கார், கருமுகில் என்ற வரிசையில் வைத்துப் பாருங்கள்: கருத்து இறங்கும் மழையே கருமாரி.

மஞ்சள் பூசிய பானை, கழுத்தில் வேப்பிலைக் கொத்து, உள்ளே நொய்யும் கேழ்வரகுமாய்க் கொதித்த கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மாரி என்றால் சாவு என்பவர்கள் ஓர் ஆடி ஞாயிறு பூந்தமல்லிப் பக்கம் வந்து ஒரு சொம்பு குடித்துவிட்டுப் பேசட்டும்.