மஞ்சளுக்கு முந்திய அடையாளங்கள்: 1942 படைமுகாம் காமாலை பற்றிய ஒரு மறுவாசிப்பு

ஹெபடைடிஸ் பி தொற்றிய வயதுவந்தோரில் பெரும்பாலோரிடம் உடற்பரிசோதனைக்கு அகப்படும் அடையாளம் எதுவும் தோன்றுவதில்லை என்ற கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது. அதற்குத் துணையாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, 1942இல் அமெரிக்கப் படையினரிடையே பரவிய காமாலை. அந்தச் சான்று இவ்வளவு பாரத்தைத் தாங்காது என்று கருதுகிறேன்.

மனிதச் சீரம் சேர்த்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியால் ஏறத்தாழ 50,000 வீரர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். நாற்பதாண்டுகளுக்கு மேல் கழித்து, முன்னாள் வீரர்கள் 597 பேரின் குருதியைச் சோதித்த ஆய்வு 1987இல் வெளியானது. ஹெபடைடிஸ் பி எதிர்ப்பொருள், காமாலை கண்டோரில் 97 விழுக்காட்டினரிடமும், அதே ஊசியைப் பெற்றும் நலமாயிருந்தோரில் 76 விழுக்காட்டினரிடமும், பின்னர் வந்த சீரமற்ற ஊசியைப் பெற்றோரில் 13 விழுக்காட்டினரிடமும் இருந்தது. மொத்தம் 3,30,000 பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு.

சிக்கல் அந்த 76இல் இருக்கிறது. தொற்று அவர்களை எட்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்களை நலமுற்றோர் வரிசையில் நிறுத்தியது எது? காமாலை வரவில்லை என்பதே. குருதியில் பிலிருபின் டெசிலிட்டருக்கு 2.5 முதல் 3 மில்லிகிராம் அளவை எட்டும்வரை வெண்விழியில் மஞ்சள் புலப்படுவது அரிது. விளக்கொளியில் அதற்கு மேலும் தவறிப்போகும். அவர்களுடைய தோலை, விரல் மூட்டுகளை, வலது விலாவின் அடியை 1942இல் யாரேனும் சோதித்துப் பார்த்தார்களா என்ற கேள்விக்கு அந்தப் பிரிப்பில் விடையில்லை. கண் மஞ்சளாகவில்லை என்ற செய்தி, உடலில் ஒன்றுமே இல்லை என்ற முடிவாக மாறியது பிற்காலத்தார் செய்த தாவல்.

இந்நோய்க்கு மஞ்சளுக்கு முந்திய ஒரு கட்டம் உண்டு. ஆன்டிஜனும் எதிர்ப்பொருளும் பிணைந்த கூட்டுகள் படிவதால் காணாக்கடி போன்ற தடிப்பும், கைவிரல் மூட்டுகளில் இருபுறமும் ஒத்த வலியும் வீக்கமும் எழும். காமாலை தலைகாட்டும்போது இவை பெரும்பாலும் அடங்கிவிடும். காமாலையே வராமலும் போகலாம். அப்படிப்பட்டவர் மேற்சொன்ன பகுப்பில் எந்தக் குழுவில் சேர்வார்? நலமாயிருந்தோர் குழுவில்தான்.

அந்த 76 விழுக்காட்டினர் எல்லோருக்கும் தடிப்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. இக்கட்டம் சிறுபான்மையோரிடமே வெளிப்படும்; அந்த 76 விழுக்காட்டினரில் பலர் உண்மையிலேயே ஒன்றும் உணராதிருந்திருக்கலாம். எத்தனை பேர் என்பதை இந்தச் சான்றைக் கொண்டு சொல்ல இயலாது என்பதே என் வாதம். எதிர்ப்பொருள் பிற்கால வாழ்வில் வந்திருக்கலாமே என்ற மறுப்புக்கு மூன்றாம் குழுவின் 13 விழுக்காடே போதிய விடை. போர்க்கால வீரன் சிறு மூட்டுவலியை மருத்துவரிடம் சொல்லியிருக்கமாட்டான் என்பது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது.

இந்த வாசிப்பு ஏட்டோடு நிற்பதன்று. காணாக்கடியும் விரல் மூட்டு வீக்கமுமாக வரும் இளைஞரின் கண் வெளுத்திருப்பதைப் பார்த்து, கல்லீரலை மறந்து ஒவ்வாமைக்கு மருந்து எழுதுவது இன்றும் நடக்கக்கூடியது. அந்நேரத்தில் மேற்புற ஆன்டிஜன் பெரும்பாலும் குருதியில் வந்துவிட்டிருக்கும். கல்லீரல் நொதிகளும் ஏறத் தொடங்கியிருக்கும். அதுபோலவே, கண் மஞ்சளாகி வருபவரிடம் முந்தைய வாரங்களில் தடிப்போ மூட்டு வீக்கமோ இருந்ததா என்று கேட்டுக் குறிப்பில் பதிய வேண்டும். பரிசோதிக்கும் நாளில் அவரது தோலில் அதன் சுவடு பெரும்பாலும் இராது.