மனை வழியும் மட வழியும்

திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள் தம் பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களையும் கல்லிற் பொறித்து வைக்க விழைவது உலகியல்பு. முன்னோரை மறவாமை நன்றே. ஆயின் வழி என்பது பிறப்பினால் மட்டும் வருவதோ என்னும் வினாவிற்குத் திருவொற்றியூர்த் திருக்கோயில் விடை பகர்கின்றது.

கலிய நாயனார் இவ்வூர்ச் சக்கரப்பாடித் தெருவில், எண்ணெய் வாணிகஞ் செய்யும் குடியில் தோன்றியவர். குலத்தொழிலால் வந்த செல்வத்தைத் திருவிளக்கிற்கே ஆக்கினார். அது ஒழிந்தபின் கூலிக்குச் செக்காடினார். அதுவும் முட்டியபோது, தம் கழுத்தை அரிந்து உதிரத்தையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தார் என்பது பெரியபுராணம். இது மனை வழி வந்த தொண்டு.

மற்றொருவரோ குடியையே விட்டு வந்தவர். இராட்டிரகூட மன்னன் மூன்றாங் கிருஷ்ணனது 20-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 959-ஐ ஒட்டி, இக்கோயிலில் வெட்டப்பெற்ற வடமொழிக் கல்வெட்டு அவர் வரலாற்றை உரைக்கும். கேரள நாட்டிற் பிறந்த வல்லபன் என்னும் அவர் சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற துணைவர். 949-இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் யானைமீதிருந்தவாறே உயிர் துறந்தான். தலைவனோடு மடியும் பேறு தமக்கு வாய்க்கவில்லையே என்னும் நாணம் வல்லபனை வாட்டியது. கங்கையில் நீராடித் திருவொற்றியூர் அடைந்து, நிரஞ்சன குருவினிடம் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் ஆனார். இறைவன் வழிபாட்டிற்கு 100 பொன் நிஷ்கம் வழங்கினார். வென்றவனது ஆண்டைக் குறித்த கல்லிலேயே, வீழ்ந்தவன்பால் அவர் கொண்டிருந்த நட்பும் நிலைபெற்றிருத்தல் வியப்பிற்குரியது.

துறவிக்கு மக்கட்பேறு ஏது? ஆயினும் அவர் வழி அற்றுப்போகவில்லை. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் இக்கோயில் விமானம் கருங்கல்லால் எடுக்கப்பெற்றபோது, அத்திருப்பணியைச் செய்வித்தவர் பெயரும் சதுரானன பண்டிதர் என்றே கல்வெட்டிற் காணப்படுகின்றது. அவர் வல்லபன் அல்லர். அம்மடத்தின் தலைமையோடு பெயரையும் ஏற்று வந்த பின்னோர். மகன் தந்தையின் பெயரைத் தாங்குவது போல, மாணாக்கர் ஆசிரியரின் பெயரைத் தாங்கினர். தந்தை விட்ட நிலபுலத்தை மகன் பேணுவது போல, ஆசிரியர் விட்ட பூசையையும் திருப்பணியையும் பேணினர்.

அவ்விமானத்தை அமைத்த சிற்பி, இரவி என்னும் வீரசோழத் தச்சன். தூங்கானை மாட வடிவில் அவன் எழுப்பிய கற்றளி இன்றும் நிற்கின்றது. குடமுழுக்குத்தோறும் கும்பநீர் சொரியப்பெறுவது அதன் மீதே.