சமபந்தியா, சாட்சியமா? 1847ஆம் ஆண்டு மதுரை மிஷன் சாதிச் சோதனை குறித்து

1847இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் சபையாருக்கும் ஊழியருக்கும் வைத்த சாதிச் சோதனையைச் சமத்துவச் சிந்தனையின் வருகையாகப் படிப்பது ஆய்வுலகில் வேரூன்றிவிட்டது. அடிமை ஒழிப்பு இயக்கம் சூடேறியிருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே சாதியைக் கண்டு பொறுக்காமல் சமபந்தி நடத்தினார்கள் என்பது அந்த வாசிப்பின் சாரம். இதே கோட்டை நீட்டி, கமுதியை அடுத்த மண்டபசாலை மிஷன் வட்டாரத்தையும் 1897ஆம் ஆண்டு நாடார்கள் நடத்திய கமுதி ஆலய நுழைவையும் இணைத்துப் பேசுவோரும் உண்டு. இந்த வாசிப்பை என்னால் ஏற்க இயலவில்லை. 1847இன் வேர் அடிமை ஒழிப்பில் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு மாசசூசெட்ஸ் பியூரிட்டன்களின் சபை ஒழுங்கில் இருக்கிறது.

சோதனை யாருக்கு வைக்கப்பட்டது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். இராப்போசனத்தில் பங்குபெறும் சபை உறுப்பினர், மிஷன் சம்பளம் பெறும் உபதேசியார், ஆசிரியர், பசுமலைச் செமினரி மாணவர் ஆகியோர் சாதியைக் கைவிட்டதாகச் சொன்னால் மட்டும் போதாது. தாழ்ந்த சாதியார் சமைத்த உணவை மற்றவர் முன்னிலையில் உண்டு காட்ட வேண்டும். மறுத்தவர்கள் விலக்கப்பட்டார்கள். செமினரி பெருமளவு காலியாயிற்று. ஆனால் கிராமங்களில் விக்கிரக வணக்கத்தை விட்டு, ஓய்வுநாளை அனுசரித்து, உபதேசியாரின் போதனைக்குச் செவிகொடுத்த 'சேர்ந்தவர்கள்' இந்தச் சோதனைக்கு வெளியே நின்றார்கள். மிஷன் ஆண்டறிக்கைகளும் இவர்களை ஒரு கணக்காகவும், இராப்போசனத்தில் பங்குபெறுவோரை வேறு கணக்காகவும் காட்டின. சமத்துவமே நோக்கமாக இருந்திருந்தால், சாதி அன்றாடம் ஆளும் கிராமச் சேர்ந்தவரிடமல்லவா சோதனை தொடங்கியிருக்க வேண்டும்?

இந்த இரட்டைக் கணக்கைப் பியூரிட்டன் வரலாறு தெரிந்தவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். பதினேழாம் நூற்றாண்டு மாசசூசெட்ஸில் ஆராதனைக்கு ஊரார் அனைவரும் வந்தாக வேண்டும். வராதவருக்கு அபராதம் உண்டு. வீட்டுத் தலைவன் குடும்ப வழிபாடு நடத்தினான். 50 குடும்பம் உள்ள ஊர் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று 1647ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இவை எல்லாருக்குமானவை. இராப்போசனமோ, தன் உள்ளத்தில் அருள் செயல்பட்ட வரலாற்றைச் சபைக்கு எடுத்துரைத்து ஒப்புதல் பெற்றவருக்கு மட்டும். அப்படிச் சாட்சி சொல்ல இயலாதவர்களின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டா என்ற சிக்கல் முற்றியபோது, 1662இல் பாதி உடன்படிக்கை என்ற சமரசம் வந்தது. அதன் பின் இராப்போசனத்திலும் தளர்ந்த ஒழுங்கை இறுக்க முயன்ற ஜொனாதன் எட்வர்ட்ஸ், மனமாற்றத்தின் அடையாளம் காட்டாதவருக்கு இராப்போசனம் இல்லை என்று பிடிவாதமாக நின்றதால் 1750இல் தன் நார்த்தாம்ப்டன் சபையாலேயே நீக்கப்பட்டார். 1810இல் தோன்றிய, மதுரை மிஷனை நடத்திய அமெரிக்கன் போர்டின் முதல் தலைமுறை மிஷனரிகள் பெரும்பாலும் எட்வர்ட்ஸின் சீடமரபில் ஆண்டோவர் செமினரியில் பயின்றவர்கள். 1816இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் பணி தொடங்கி, 1835 முதல் சில ஆண்டுகள் மதுரையிலும் உழைத்த டானியல் பூர் அவர்களுள் ஒருவர். அவர் பிறந்த டான்வர்ஸ்தான் 1692இன் சூனிய வழக்குகள் வெடித்த பழைய சேலம் கிராமம். பிறந்த ஊரை வைத்து ஒருவர் கொள்கையை நான் முடிவு கட்டவில்லை. ஆனால் இவர்கள் எந்தச் சபை மரபின் மடியில் வளர்ந்தார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இனி அடிமை ஒழிப்பு வாதத்துக்கு வருவோம். 1845 செப்டம்பரில் அமெரிக்கன் போர்டு புரூக்ளினில் கூடியது. சோக்டா, செரோக்கி இந்தியரிடையே அது நடத்திய சபைகளில் அடிமைகளை வைத்திருந்தோர் உறுப்பினராக இருந்தனர். அவர்களை விலக்க வேண்டும் என்று ஒழிப்புவாதிகள் கோரினர். அடிமை வைத்திருப்பது ஒன்றே ஒருவரை இராப்போசனத்துக்குத் தகுதியற்றவராக்காது என்று கூட்டம் முடிவு செய்தது. மனம் வெதும்பியவர்கள் அடுத்த ஆண்டே அமெரிக்க மிஷனரி சங்கத்தைத் தனியே நிறுவினார்கள். மறு ஆண்டு, அதே போர்டின் மதுரைக் கிளை சாதி பாராட்டுபவருக்குக் கதவை மூடுகிறது.

இரண்டும் ஒரே சமத்துவ நெஞ்சிலிருந்து பிறந்தவை என்று சொல்ல முடியுமா? அடிமைமுறை அவர்கள் கண்ணில் சமுதாயத்தின் பாவம். அதற்குள் பிறந்து அடிமை வைத்திருப்பவனிடமும் அருளின் அடையாளம் இருக்கலாம். சாதியோ விட்டு வந்த விக்கிரக மதத்தின் எச்சம். அதைப் பற்றியிருப்பவன் மனம் மாறவில்லை என்பதற்கு அதுவே சான்று. கீழ்த்தட்டில் இருப்பவருக்கு இழைக்கப்படும் அநீதி என்பதற்காக அல்ல, மேலிருப்பவரின் உள்ளம் மாறாததன் அடையாளம் என்பதற்காகவே சாதி இங்கே விசாரிக்கப்பட்டது. பந்தியில் உண்ணும் கவளம் நியூ இங்கிலாந்துச் சபையில் சொல்லப்பட்ட மனமாற்ற வரலாற்றின் இடத்தைப் பிடித்தது. எட்வர்ட்ஸே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சபை வாசலில் கடுமையும் சமுதாயப் படிநிலையில் பொறுமையும் இந்த மரபில் சேர்ந்தே வாழ்ந்தன.

முடிவெடுத்தது மதுரையிலிருந்த மிஷனரிகள், புரூக்ளின் கூட்டம் அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான், இருதரப்பையும் வளர்த்த இறையியல் ஒன்று என்பதே என் வாதம். எட்வர்ட்ஸின் மாணவர் சாமுவேல் ஹாப்கின்ஸ் அடிமைமுறையை எதிர்த்தவர் ஆயிற்றே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அவருடைய குரல் மதுரையில் சிலருடைய மனச்சாட்சியைத் தொட்டிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சோதனையின் எல்லையை வகுத்தது அந்தக் குரல் அல்ல. பிஷப் டானியல் வில்சன் 1833இலேயே ஆங்கிலிக்கச் சபைகளில் சாதியைக் கைவிட ஆணையிட்டாரே என்ற வாதம் என்னை அசைக்கவில்லை. அது மேலிருந்து வந்த சுற்றறிக்கை. மதுரையில் நடந்தது ஆளை நிறுத்தி உள்ளத்தை ஆராயும் விசாரணை.

மண்டபசாலையில் மிஷன் நிலையம் அமைந்தது சோதனைக்குப் பிறகுதான். குண்டாற்றுக் கரிசல் கிராமங்களில் சேர்ந்தவருக்கும் உறுப்பினருக்கும் இடையிலான கோடு அங்கேயும் தொடர்ந்தது. அந்த வட்டாரத்தோடு கமுதியை இணைக்கும் வாதம் எனக்குப் பலவீனமாகவே தோன்றுகிறது. 1897 மே மாதம் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள் இந்துக்கள். ராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி தொடுத்த வழக்கில் அவர்கள் சத்திரியத் தகுதியும் வழிபாட்டு உரிமையும் கோரினார்கள். 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடித் தோற்றார்கள். உள்ளத்தைச் சோதித்து வாசலைத் திறப்பது மிஷனின் வழி. உரிமையைக் கேட்டு வாசலில் நிற்பது அவர்கள் வழி. அந்தப் போராட்டத்தின் பெருமை அவர்களுக்கே உரியது. மிஷன் பள்ளி இருந்த வட்டாரம் என்ற ஒரே காரணத்தால் அதை மாசசூசெட்ஸின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

1847இன் நோக்கம் சமத்துவமா, மனமாற்றச் சாட்சியமா என்ற வேறுபாடு இறையியல் நுணுக்கம் மட்டுமன்று. 1847இன் சோதனை சோற்றைத் தொட்டது. பெண் கொடுத்து எடுப்பதைத் தொடவில்லை. தமிழ்க் கிறிஸ்தவரிடையே மணவுறவில் சாதி நீடிப்பதைச் சமத்துவக் கொள்கையின் தோல்வி என்று எழுதுவது வழக்கம். மதுரை மிஷனைப் பொறுத்தவரை அப்படி ஒரு கொள்கை முழுமையாக முன்வைக்கப்படவே இல்லை. வைக்கப்படாதது தோற்க முடியாது. ஹார்வர்டின் ஹவுட்டன் நூலகத்திலுள்ள அமெரிக்கன் போர்டு ஆவணங்களை இந்தக் கேள்வியோடு மறுபடி படிக்க வேண்டும். அவை மிஷனரிகளின் பேனாவில் வந்தவை. கமுதி, அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பழைய சபைகளில் உறுப்பினர் பதிவேடோ விலக்கப்பட்டோர் குறிப்போ எஞ்சியிருந்தால், அவற்றைச் செல்லரிக்கும் முன் படியெடுத்துப் பாதுகாக்குமாறு சபையாரையும் ஆய்வு மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.