உப்பும் ரேகையும்

திருச்சி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும் போதெல்லாம் எனக்கு உப்பு ஞாபகம் வருவதுண்டு. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. அதற்கு முன் ஸ்ரீரங்கத்துச் சமாசாரம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏழெட்டுப் பிராயம் இருக்கும். வடக்கு உத்தர வீதியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு குறத்தி கூடையும் முறமும் பரப்பியிருந்தாள். பாட்டி அரைமணி நேரம் பேரம் பேசி ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு, "காசை நாளைக்கு வந்து வாங்கிக்கோ" என்றாள். அன்று சாயங்காலம் பெருமாள் உள்ளிலிருந்த வெள்ளிப் பேலாவைக் காணோம். "அவள்தான்!" என்றாள் பாட்டி. மறுநாள் காசுக்கு வந்தவளைத் தெருவே சூழ்ந்துகொண்டு, கூடைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தது. அவள் அழவில்லை. இடுப்புக் குழந்தையை இறக்கிவிட்டு, முந்தானையை உதறிக் காட்டினாள்.

நாலாம் நாள் பேலா அரிசி டின்னுக்குள் அகப்பட்டது. பாட்டி அசரவில்லை. "இது கெடச்சுது, சரி. இதுக்கு முன்னாடி எதையெல்லாம் எடுத்திருப்பாளோ!" என்றாள்.

பாட்டி நல்லவள். அந்த வாக்கியம் அவளுடைய சொந்தச் சரக்கல்ல என்பது வெகு காலத்துக்குப் பின்புதான் எனக்கு விளங்கிற்று. வெள்ளைக்கார சர்க்கார் அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தது.

குறவர்களில் பலர் ஒரு காலத்தில் வியாபாரிகள். கழுதையின் மேலும் மாட்டின் மேலும் உப்பு மூட்டை ஏற்றி, கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றுவார்கள். வண்டிப் பாதை இல்லாத ஊர்களுக்கு உப்பு போனது அவர்கள் கால்நடையால்தான். 1805-ல் கம்பெனி சர்க்கார் சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. பிறகு ரயில் வந்தது. நாகப்பட்டினத்தில் புறப்பட்ட பாதை 1862-ல் திருச்சியைத் தொட்டது. கழுதை ரயிலோடு எப்படிப் போட்டி போடும்? 1876-78 பஞ்சத்தில் மாற்றிக்கொள்ளத் தானியமும் இல்லாமல் போயிற்று. சரி, கூடை முடைந்து பிழைக்கலாமென்றால், 1882-ல் வனச் சட்டம் வந்து மூங்கிலுக்கும் வேலி போட்டது.

பிழைப்பைப் பறித்தாயிற்று, அடுத்தது பட்டம். 1871-ல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை ராஜதானிக்கும் வந்து சேர்ந்தது. ஒருவன் திருடினானா என்பது அதில் கேள்வியே அல்ல; எங்கே பிறந்தான் என்பதுதான் கேள்வி. கெஜட்டில் ஒரு கூட்டத்தின் பெயர் வந்துவிட்டால், அது தப்பு என்று எந்தக் கோர்ட்டிலும் வாதாட முடியாது. விரல் ரேகை பதிய வேண்டும். ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூரில் சாவு விழுந்தாலும் ராதாரிச் சீட்டு இல்லாமல் நகரக் கூடாது. கனடாவிலும் 1885-க்குப் பின் பூர்வகுடிகளுக்கு இதே மாதிரி சீட்டு இருந்தது. அங்கே அதற்குச் சட்டம்கூடக் கிடையாது, அதிகாரியின் கட்டளைதான்!

மதுரை ஜில்லாவில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாண்டவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. குறவர்களில் பலரை குண்டூர் ஜில்லா ஸ்டூவர்ட்புரத்தில் இரட்சணிய சேனையின் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். திருத்துவதற்காம். பக்கத்துச் சீராலாவில் புகையிலைத் தொழிற்சாலைக்கு ஆள் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு எடுக்க நடந்தார். அதைப் படிக்கும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக உப்புச் சுமந்து நடந்தவனுடைய பேரன், அதே வருஷத்தில் அடுத்த ஊருக்குப் போகச் சீட்டுக் கேட்டு நின்றிருப்பான். இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

சென்னை மாகாணத்தில் 1947-லும், தேசம் முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31-லும் சட்டம் ரத்தாயிற்று. நடுவில் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த சென்னையில் வேறொரு சட்டம் வந்துவிட்டது. பாட்டியின் சட்டத்தை ரத்து செய்ய எந்தச் சட்டசபையும் கூடவில்லை.

அந்தக் குறத்தி பிறகு எங்கள் தெருப் பக்கம் வரவே இல்லை. முறத்துக்குக் காசும் வாங்கிக்கொள்ளவில்லை. நல்ல முறம். எங்கள் வீட்டில் பத்து வருஷம் உழைத்தது.