நீர்மேல் குடியிருந்தோரும் ஆற்றுப் பத்திரமும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்திருக்கும் பெக்கோக் என்னும் சிற்றூரை, எண்டாவ் ரொம்பின் வனத்துக்குப் போகிறவர்கள் இறங்கிப் போகும் இடம் என்ற அளவிலேயே வெளியூரார் அறிந்திருக்கிறார்கள். ஆனால், நிலப்படத்தை விரித்து அவ்வூரைச் சுற்றியோடும் நீர்க்கோடுகளை மட்டும் விரலால் தொடர்ந்து பார்ப்பவருக்கு வேறொரு விசேஷம் புலப்படும். ஊரின் பெயரையே தாங்கிய பெக்கோக் ஆறு, செம்புரோங் ஆற்றுடன் கலந்து, சிம்பாங் கானான் என்ற பெயரோடு பத்து பகாட்டை நோக்கிச் சென்று மலாக்கா நீரிணையில் முடிகிறது. ஊரை அடுத்த வனத்தினுள் பாயும் செலாய் ஆறோ எண்டாவ் ஆற்றில் விழுந்து தென்சீனக் கடலைச் சேருகிறது. இரு கடல்களுக்குப் பிரியும் நீர் இவ்வளவு அருகருகே ஓடுகிற பூமி இது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையில் இருப்புப்பாதை 1909இல் நிறைவெய்தும்வரை, இந்த உள்நாட்டுக்குள் மனிதர் வந்ததும், பிரம்பும் பிசினும் கீழே இறங்கியதும், உப்பும் துணியும் மேலே ஏறியதும் பெரும்பாலும் ஆற்று வழியாகத்தான்.

ஆறே சாலையாகவும், சிலருக்கு ஆறே வீடாகவும் இருந்த அக்காலத்தில், அந்த நீரின்மீது யாருக்கு என்ன பாத்தியதை இருந்தது என்று விசாரித்தால், கரையில் குடிசை போட்டவனுக்குப் பத்திரம் கிடைத்ததையும், படகிலேயே பிறந்து படகிலேயே மடிந்தவனுக்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்காமற் போனதையும் சரித்திரம் ஒளிவுமறைவின்றிக் காட்டுகிறது. இவ்விரு வகையாரின் கதையையும் சேர்த்துச் சொன்னாலன்றி ஜொகூரின் ஆறுகளைப் பற்றிச் சொன்னதாகாது என்பது என் துணிபு.

பத்திரம் பெற்றவர்களை முதலிற் பார்ப்போம். ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் பட்டத்தாரான டாயிங் இப்ராகிம் 1844ஆம் ஆண்டு முதல் சீனக் குடியேற்றத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' எனப்படும் ஆற்றுப் பத்திரங்களை வழங்கலானார். ஏக்கர் கணக்கோ சர்வே எண்ணோ இல்லாத அச்சாசனம், இன்ன ஆற்றின் பள்ளத்தாக்கு இன்னாருக்கு என்று நீரோட்டத்தையே எல்லையாகக் கொண்டு எழுதப்பட்டது. பத்திரம் பெற்றவர் கங்சு. ஆற்றங்கரையில் அவர் அமைத்த துறையும் கடைவீதியும் கங்கார். அத்துறையிலிருந்து மேலே மேலே காட்டை வெட்டி, மிளகுக் கொடியோடு காம்பியர் செடியையும் பயிரிட்டார்கள். வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டியைப் போன்ற அந்தச் சரக்கு, தோல் பதனிடுவதற்கும் சாயமேற்றுவதற்கும் அந்நாளில் பெருமதிப்புப் பெற்றிருந்தது. இலையைக் கொப்பரையிலிட்டு நாள் முழுதும் காய்ச்ச வேண்டியிருந்தமையால், செடிக்கென்று வெட்டியதோடு அடுப்புக்கென்றும் காடு அழிந்தது. சில ஆண்டுகளில் மண்ணும் சாரமிழந்து விறகும் தீர்ந்துபோக, குடியானவர்கள் அடுத்த பள்ளத்தாக்கைத் தேடிப் படகேறினார்கள். கங்சு தன் எல்லைக்குள் அபின், சாராயம், சூதாட்டம், பன்றி இறைச்சி விற்பனை, அடகுக் கடை ஆகியவற்றின் குத்தகையையும் அனுபவித்தார் என்பதால், பத்திரத்தில் எழுதப்பட்ட ஆறு ஒரு சிறு சமஸ்தானமாகவே நடந்தது எனலாம். இப்ராகிமுக்குப் பின் வந்த அபூபக்கர் ஆட்சியில், 1873இல், கங்சுக்களுக்கென்று தனிச் சட்டமும் வகுக்கப்பட்டது. 1917இல் அவ்வுரிமைகள் யாவும் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்ட பிறகும், ஜொகூரில் கங்கார் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் அழியாமல் நிற்கின்றன.

இனி மற்றவர்கள். ஜொகூரின் தென்கோடியில், சிங்கப்பூரைப் பிரிக்கும் நீரிணையின் அலையாத்திக் கழிகளில், ஓராங் செலேத்தார் என்ற மக்கள் படகுகளையே இல்லமாகக் கொண்டு திரிந்தார்கள். சர்வேயர் ஜான் டர்ன்புல் தாம்சன் 1847இல் அச்சான ஒரு குறிப்பில் அவர்களுடைய படகை விவரிக்கிறார். இருபது அடிக்கு மேற்படாத நீளம். ஒரு நுனியில் அடுப்பு. நடுவே சட்டிபானை முதலிய சொற்ப சாமான். மறு நுனியில் ஆறடிக்கு மிகாத ஓலைப்பாய்க் கூரை. அக்கூரையின் கீழ், பெற்றோரும் மக்களுமாக ஐந்தாறு பேர், பூனையும் நாயும் உடனிருக்க, பனிக்கும் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி உறங்கினார்கள். சுமார் நாற்பது படகுகளில் இருநூறு பேர் என்று அவர்களுடைய தொகையையும் அவர் தருகிறார். ஆறடி நீளப் பாயின்கீழ் ஒரு குடும்பத்தின் பிறப்பும் பிணியும் மணமும் மரணமும் நிகழ்ந்தன என்பதை நினைக்கும்போது, ஆயிரக்கணக்கான ஏக்கர் பள்ளத்தாக்கை ஒரே காகிதத்தில் பெற்ற கங்சுவின் நிலை எத்தனை தூரத்தில் இருந்தது என்பது விளங்கும்.

படகில் வாழ்வோருக்கும் கரை தேவைப்படாமலில்லை. கழிநீர் உப்பாதலால் குடிநீருக்கு ஓடைவாய்களை நாட வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். நீரில் ஊறும் மரத்தைப் புழு துளைத்துவிடுமாதலால் படகை அவ்வப்போது மணலில் ஏற்றிப் பழுது பார்க்க வேண்டும். இறந்தவரை அடக்கம் செய்ய மேட்டு நிலம் வேண்டும். கரையுடைமைக்காரன் ஒருவன் தோன்றி, இந்த ஓடை என்னுடையது, இந்த மேடு என்னுடையது என்று சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து இந்நான்கும் யாசகமாயின. தண்ணீரின்மீது அவர்களை யாரும் தடுக்காத காலத்திலும், தண்ணீரைவிட்டு இறங்கும் ஒவ்வொரு சமயமும் அவர்கள் அந்நியர்களாகவே இருந்தார்கள்.

இவர்களைவிடப் பரிதாபமானது பிடுவாண்டா காலாங் என்ற படகுவாசிகளின் கதி. சிங்கப்பூரின் காலாங் ஆற்றில் காலங்காலமாக வாழ்ந்த அவர்கள் ஏறத்தாழ நூறு குடும்பத்தினர். 1819இல் ஆங்கிலேயர் அத்தீவில் காலூன்றியபின், அக்காலத்துத் தெமெங்கோங் அவர்களை ஜொகூரின் பூலாய் ஆற்றுக்குப் பெயர்த்தார். ஜே. ஆர். லோகன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1847இல் அவர்களைப் பற்றி எழுதியபோது, அம்மை கண்டு மாண்டவர் போக எஞ்சியவை எட்டே குடும்பங்கள். வீடும் வயலும் உடையவனைப் பெயர்த்தால் நஷ்டஈடு என்ற பேச்சாவது எழுந்திருக்கும். படகிலிருப்பவனிடம் துடுப்பைப் போடு என்று சொன்னால் போதுமானதாயிருந்தது.

சட்டம் நிலத்தைப் பதிவுசெய்யும் சாதனமாக வளர்ந்ததேயன்றி, நீரில் வாழ்வதை ஒரு வாசமாக ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டு மலாய் மாநிலங்களில் 1920இல் வந்த நீர்நிலைச் சட்டம், ஆறுகளின் உடைமையும் அதிகாரமும் ஆட்சியாளருக்கே உரியவை என்று விதித்தது. வெள்ளத்தையும் குடிநீரையும் சுரங்கக் கழிவையும் ஒழுங்குபடுத்த அத்தகைய அதிகாரம் அவசியமே; அதை நான் குறை கூறமாட்டேன். எனினும் ஆறு முழுதும் ஒருவர் கையிற் சேரும்போது, அதன்மேல் மிதந்தவருக்கென்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

நம் சென்னைக் கரையிலும் படகைச் சட்டம் பார்த்த பார்வை இவ்வாறே இருந்தது. பேசில் காக்ரேன் என்ற வர்த்தகர் வெட்டுவித்து 1806இல் திறக்கப்பட்ட உப்புநீர்க் கால்வாய், 1837இல் சர்க்கார் வசமாகி, வடக்கும் தெற்குமாக நீண்டு, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது கூலிக்கு மண்சுமந்த ஏழைகளின் உழைப்பால் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே இணைக்கப்பட்டு, அப்போது கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றது. மரக்காணத்திலிருந்து ஆந்திரக் கரை வரை நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்நீர்வழியில் உப்பும் விறகும் ஏற்றிவந்த தோணிக்காரர்கள், காற்றுள்ள போது பாய் விரித்தும், காற்று விழுந்தபோது கழி ஊன்றியும், கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தும் போவார்கள். பயணக் காலமெல்லாம் அந்தத் தோணியே அவர்களுக்குச் சமையற்கட்டும் படுக்கையறையும். 1890ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள், பொது ஓடத்துறைகள் பற்றிய சட்டம் அத்தோணிகளுக்கு லைசென்ஸையும் சுங்கத்தையும் ஏற்படுத்தியது. மரத்துக்குப் பதிவு உண்டு. மரத்தின்மேல் வாழ்ந்தவனுக்கு உறைவிடம் என்று பதிவு இல்லை. 1960-61இலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகள் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றிய அக்கால்வாய், 1965, 1966 ஆகிய ஆண்டுகளின் புயல்களுக்குப் பிறகு போக்குவரத்துக்கு உதவாமற் போனது.

கடல் கடந்தும் நம் கரையார் படகோட்டினார்கள். சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் இடையே சரக்குப் படகு ஓட்டியவர்களில், தொடக்ககாலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்களே மேலோங்கி நின்றார்கள்; பின்னாளில் அத்தொழில் சீனர் கைக்குப் போயிற்று. ஆற்றைத் துப்புரவாக்கும் திட்டத்தின்படி, 1983இல் எஞ்சிய சரக்குப் படகுகள் யாவும் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன.

பெக்கோக் வட்டாரத்துத் தமிழர்கள் படகேறி வந்தவர்கள் அல்லர். இரயில் பாதையோடும் ரப்பர்த் தோட்டத்தோடும் வந்தவர்கள். ஆயினும் தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில் வாழ்ந்த குடும்பத்தின் நிலை படகில் வாழ்ந்த குடும்பத்தின் நிலைக்குச் சட்டப்படி வெகு தொலைவில் இல்லை. வேலை உள்ளவரை வீடு. துரை சீட்டுக் கிழித்தால், மூன்று தலைமுறை அடுப்பெரித்த அறையையும் அன்றே காலி செய்ய வேண்டும். மலாயாவின் சுதந்திரத்தை ஒட்டித் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இந்த உண்மை ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் நிறுத்தியது. தொழிலாளியின் சிறு சந்தாவைக் கொண்டே தோட்டங்களை விலைக்கு வாங்குவதற்காக வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அக்காலத்தில்தான். நம்மவருக்குப் பணம் திரட்டிப் பத்திரம் வாங்கும் மார்க்கமாவது இருந்தது.

பெக்கோக்கின் காட்டோரத்தில் வாழும் ஜாகூன் என்னும் பூர்வகுடி மக்களுக்கு அம்மார்க்கமும் இல்லை. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டத்தின்கீழ் அவர்கள் தங்கள் நிலத்தில் இருப்பது, அரசாங்கம் விரும்புங்காலம் மட்டும் இருக்கத்தக்க குடிக்கூலி வாசத்துக்கு மேற்பட்டதன்று. இந்நிலையை முதன்முதலாக அசைத்த வழக்கு ஜொகூரிலேயே எழுந்தது. லிங்கியூ அணைக்காகத் தங்கள் காட்டை இழந்த ஜாகூன் மக்கள், அடோங் குவாவ் என்பவரை முதல்வராகக் கொண்டு தொடுத்த வழக்கில், ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் 1997இல், மூதாதையர் காலந்தொட்டு அவர்கள் உணவும் பொருளும் தேடித் திரிந்த நிலத்தின்மேல் அவர்களுக்குப் பொதுச் சட்ட உரிமை உண்டு என்று ஏற்று, 53,273 ஏக்கருக்காக 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுவருஷம் அதை உறுதி செய்தது. வேலியும் வரப்பும் இல்லாத இடத்தில் நடமாட்டமே அனுபோகமாகும் என்று ஒரு நீதிபதி ஒப்புக்கொண்டது எளிய காரியமன்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்குள் படகைவிட்டுக் கரையேறிய செலேத்தார் மக்களும், ஜொகூர் பாருவின் கரையோர அபிவிருத்தியால் தங்கள் கிராமங்கள் நெருக்குண்டபோது, அதே உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். 2017இல் அவர்களுடைய பாரம்பரிய நில உரிமையையும் நீதிமன்றம் அங்கீகரித்தது. பூர்வகுடிகள் தம் எல்லையைச் சொல்லும்போது, இன்ன ஆற்றின் தலைமுதல் வாய்வரை என்றும், இன்ன குன்றின் நீர் எப்பக்கம் விழுகிறதோ அப்பக்கம் என்றும் சொல்வது வழக்கம். செலாய் ஆற்றங்கரையில் வாழும் குடும்பங்கள் அவ்வாறு தங்கள் எல்லையைச் சொன்னால், நில அலுவலகத்தார் அதைப் பதிவேட்டில் எழுதுவதற்கு இன்றும் ஒரு பத்தி இல்லை; அந்தப் பத்தியைச் சேர்ப்பது மாநில அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, அதைக் கேட்பது அம்மக்களுக்கு மட்டும் விட்டுவிடத்தக்க காரியமன்று.